ஒளிப்படத் திருத்தத்திற்கு டெபியன் 13: ஒரு மதிப்பீடு

2025 அக்டோபர் 14 அன்று வின்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவுக்கு வந்ததிலிருந்து, ஒளிப்படக் கலைஞர்கள் பலர் தங்கள் கணினியை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். கணினியில் குறை ஒன்றுமில்லை. ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி, 16 அல்லது 32 ஜிபி நினைவகம், கேமராவின் பதப்படுத்தாத மூலக் கோப்புகளான ரா கோப்புகளைத் திருத்தப் போதுமான கிராபிக்ஸ் அட்டை எல்லாம் இருக்கின்றன. ஆனால் வின்டோஸ் 11, ஒருசில விதிவிலக்குகளைத் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை; டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்கிறது. நன்றாக உழைக்கும் கணினியை ஒதுக்கிவிட மனமில்லாதவர்கள் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள்; வந்ததும், இத்தனை லினக்ஸ் வழங்கல்களில் (லினக்ஸின் வெவ்வேறு தொகுப்புகளில்) எதை எடுப்பது என்று திகைக்கிறார்கள். ரா கோப்புகளைத் திருத்தும் டார்க்டேபிள், படங்களை அடுக்கடுக்காகத் திருத்தும் கிம்ப், படங்களை வகைப்படுத்தி வைக்கும் டிஜிகேம் ஆகிய மூன்றையும் அன்றாடப் பணிக்குப் பயன்படுத்துபவன் என்ற முறையில், இந்த மென்பொருள்களுக்கு அடியில் இருக்கவேண்டிய இயங்குதளமாக டெபியன் 13 என்ற லினக்ஸ் வழங்கல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

படத் திருத்தம் செய்பவர் இயங்குதளத்திடம் எதிர்பார்ப்பது மற்றவர்கள் எதிர்பார்ப்பதிலிருந்து சற்று வேறுபட்டது. ரா கோப்பில் நாம் செய்யும் திருத்தம் கோப்பை மாற்றுவதில்லை. வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, நிழலை இவ்வளவு திற, இந்த நிறத்தை இப்படி நகர்த்து என்ற கட்டளைகளின் வரிசையாகவே அது சேமிக்கப்படுகிறது. படத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் அந்தக் கட்டளைகளை முதலிலிருந்து நிறைவேற்றி, கிராபிக்ஸ் அட்டையின் வழியாகவும் திரை நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று பதிந்துவைத்த நிற விவரக்கோப்பின் வழியாகவும் நமக்குக் காட்டுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி நமக்குத் தெரியாமல் மாறினாலும் கண்ணில் படும் படம் மாறிவிடும். ஒரு திருமண ஆல்பத்தின் பாதிப் படங்களைத் திருத்தி முடித்த நிலையில் இரவோடு இரவாக வந்த புதுப்பித்தல் ஒன்று திரையின் நிற அமைப்பைக் கைவிட்டால், மீதிப் பாதி வேறு தோல்நிறத்தோடு அச்சகத்துக்குப் போகும். கணினி நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். நிறம் நகர்ந்துபோனது அச்சு வந்த பிறகுதான் தெரியும். ஆகவே, வேலை நடக்கும்போது எதுவும் தானாக மாறாத இயங்குதளமே நமக்குத் தேவை.

பெரிய நிறுவனங்களின் இயங்குதளங்கள் இந்த விஷயத்தில் நம்பிக்கை தரும் வரலாறு கொண்டவை அல்ல. 2018 அக்டோபரில் வெளியான வின்டோஸ் 10 புதுப்பித்தல் சில பயனர்களின் ஆவண, படக் கோப்புறைகளில் இருந்த கோப்புகளை அழித்துவிட்டதால், மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைக்க நேர்ந்தது. ஆப்பிள் தன்னுடைய சொந்தப் படத் திருத்த மென்பொருளான அப்பெர்ச்சரை 2014-இல் கைவிடுவதாக அறிவித்தது. 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவில் அது இயங்கவே இல்லை. அப்பெர்ச்சரில் ஆண்டுக்கணக்காகத் திருத்திச் சேர்த்த படங்களை வைத்திருந்தவர்கள் பழைய மேக் கணினியை அப்படியே காப்பாற்றுவதா, திருத்தங்களை இழப்பதா என்ற நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். லினக்ஸிலும் எல்லா வழங்கல்களும் ஒரே குணம் கொண்டவை அல்ல. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே ஆதரவு தருகிறது. ஆர்ச் லினக்ஸில் பதிப்பு என்பதே கிடையாது. புதியது வந்தவுடன் வந்து இறங்கும். இரண்டும் மிகச் சிறந்த பொறியியல் சாதனைகள், மென்பொருள் எழுதுபவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பவை. வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லி வேலை செய்பவரின் கணினிக்கு அவை பொருந்தா.

டெபியன் 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய திட்டம். இன்றுவரை எந்த நிறுவனத்துக்கும் சொந்தமாகாமல் தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நிலைப்பதிப்பு வெளியாகும். 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) 6.12, கிம்ப் 3.0.4, டார்க்டேபிள் 5.0, டிஜிகேம் 8.6 ஆகியவை அதில் உள்ளன. வெளியீட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பே பதிப்பு எண்கள் எல்லாம் உறையவைக்கப்பட்டு, அதன்பிறகு பிழைகள் மட்டுமே களையப்படுகின்றன. வெளியான பின்னரும் அதே ஒழுங்குதான். மூன்று ஆண்டுகள் முழு ஆதரவும் அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் நீண்டகால ஆதரவும் கிடைப்பதால், 2025-இல் நிறுவிய கணினி 2030 வரை பாதுகாப்பாக ஓடும்.

உறைந்த பதிப்பு என்றால் பாதுகாப்புக் குறையோடு கிடக்கும் பதிப்பு என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். 2023 இறுதியில் பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் கோப்பு), டிடிஎஸ் முதலிய படக் கோப்புகளைத் திறக்கும்போது கணினியைத் தாக்க வழிவிடும் ஓட்டைகள் கிம்ப்பில் கண்டறியப்பட்டன. கிம்ப் திட்டம் 2.10.36 என்ற புதிய பதிப்பில் அவற்றை அடைத்தது. டெபியன் அந்தப் பதிப்பை அப்படியே கொண்டுவரவில்லை, அப்போதைய டெபியன் 12-இல் இருந்த 2.10.34-ஐ வைத்துக்கொண்டே ஓட்டையை அடைக்கும் நிரல்வரிகளை மட்டும் எடுத்து அதில் ஒட்டியது. பயனரின் கருவிப்பட்டைகள், அமைப்புகள், செருகுநிரல்கள் எதுவும் அசையவில்லை. வாடிக்கையாளர்கள் அனுப்பும் பிஎஸ்டி கோப்புகளைத் தினமும் திறக்கும் நமக்கு இது சின்ன விஷயம் அல்ல. இந்தப் பொறுமையான வேலையைச் சம்பளமில்லாமல் செய்பவர்கள் மீது எனக்கு உள்ள மரியாதை மிகப் பெரியது.

இந்த ஒழுங்கே டெபியனின் பெரிய குறைக்கும் காரணம். புதிய கேமரா வாங்கியவரிடம் டெபியனைப் புகழ்ந்து பேச முடியாது. ஒவ்வொரு கேமராவின் ரா கோப்பும் தனித்தனி அமைப்புடையது. அதைப் படிக்கும் திறன் மென்பொருளின் புதிய பதிப்புகளில்தான் சேர்க்கப்படுகிறது. நிக்கான் இசட்5 II 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. டெபியன் 13-இல் உள்ள டார்க்டேபிள் 5.0 அதற்கு முந்தைய டிசம்பரில் வெளியானது. பிறக்காத கேமராவை அது அறிந்திருக்க வழியில்லை. டார்க்டேபிள் திட்டம் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக, பெரிய பதிப்புகளை வெளியிடுகிறது. டெபியனோ அடுத்த நிலைப்பதிப்பு வரும்வரை 5.0-இலேயே நிற்கும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, அடித்தளத்தை உறைந்த நிலையிலேயே விட்டுவிட்டு, ரா கோப்புகளைத் திருத்தும் மென்பொருள் ஒன்றை மட்டும் ஃபிளாட்ஹப் என்ற இணையக் களஞ்சியத்திலிருந்து ஃபிளாட்பேக் என்ற தனித்தியங்கும் தொகுப்பு வடிவில் நிறுவிக்கொள்வது. ஃபிளாட்பேக் தனக்கு வேண்டிய நூலகங்களைத் தன்னோடு கொண்டுவருவதால் டெபியனின் எந்தப் பகுதியையும் தொடுவதில்லை. கெர்னல், திரை, அச்சுப்பொறி எல்லாம் அப்படியே இருக்க, டார்க்டேபிளை மட்டும் எப்போது மாற்றுவது என்பதை நாமே தீர்மானிக்கலாம். வேலை நெருக்கும் மாதங்களில் அதன் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவைப்பது நல்லது.

இதில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. டார்க்டேபிள் தன் படப் பட்டியலை ஒரு தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. புதிய பதிப்பு பல சமயம் அந்தத் தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றிவிடும். மாற்றிய பிறகு பழைய பதிப்பால் அதைத் திறக்க முடியாது. மாற்றுவதற்கு முன் பழையதன் நகல் ஒன்றை அது தானே எடுத்துவைக்கிறது என்றாலும், இடைப்பட்ட நாட்களில் செய்த வேலை அந்த நகலில் இருக்காது. ஃபிளாட்பேக் வடிவம் தன் அமைப்புகளைத் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்வதால், டெபியன் களஞ்சியத்திலிருந்து நிறுவிய டார்க்டேபிளின் தரவுத்தளத்தோடு மோதுவதில்லை. ஆனால் டார்க்டேபிள் திட்டமே வெளியிடும் ஆப்இமேஜ் (நிறுவாமலே இயக்கும் ஒற்றைக் கோப்பு) வடிவத்தை இயக்கினால், அது டெபியனில் உள்ள அதே தரவுத்தளத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். மேலும், ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எழுதப்படும், திருத்தக் கட்டளைகள் அடங்கிய எக்ஸ்எம்பி துணைக்கோப்பு இரண்டு பதிப்புகளுக்கும் பொதுவானது. புதிய பதிப்பில் மட்டுமே உள்ள கருவி ஒன்றைப் பயன்படுத்திய படத்தைப் பழைய பதிப்பு சரியாகக் காட்டாது. எனவே இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள். பின்னோக்கிய பொருத்தத்தில் மட்டும் டார்க்டேபிளைக் குறைசொல்ல முடியாது. வழக்கொழிந்த கருவிகளைப் புதிய படங்களுக்கு மறைத்துவிட்டாலும், அவற்றைக் கொண்டு முன்பு திருத்திய படங்களுக்காக உள்ளே உயிரோடு வைத்திருக்கிறார்கள்; பழைய திருத்தம் பழையபடியே திறக்கிறது.

எந்த இயங்குதளத்தை வைத்திருந்தாலும் நிக்கான் பயனர்கள் நினைவில் கொள்ளவேண்டியது: எச்இ எனப்படும் உயர்திறன் சுருக்க முறையில் எடுத்த ரா கோப்புகளை டார்க்டேபிள் 5.2 வரையிலும் திறக்க முடிவதில்லை. கேமராவில் இழப்பற்ற சுருக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

அடுத்தது நிறமேலாண்மை. லினக்ஸ் கணினிகளில் திரையை வரையும் பொறுப்பு பழைய எக்ஸ்11-இலிருந்து புதிய வேலாண்டுக்கு மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. வேலாண்டில் நிறமேலாண்மைக்கான பொது நெறிமுறை பல ஆண்டு விவாதத்துக்குப் பின் 2025 பிப்ரவரியில்தான் ஏற்கப்பட்டது. டெபியன் 13-இல் உள்ள பணிச்சூழல்களான க்னோம் 48-உம் கேடிஇ பிளாஸ்மா 6.3-உம் திரையின் நிற விவரக்கோப்பை வேலாண்டிலும் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் நிற அளவுமானியைத் திரையில் தொங்கவிட்டு அந்த விவரக்கோப்பை உருவாக்கும் வேலைக்கு எக்ஸ்11 இன்றும் நம்பகமானது. அதைச் செய்யும் மென்பொருளான, கிரேம் கில் எழுதிய ஆர்கில் சிஎம்எஸ் டெபியனின் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. அதற்கு எளிய முகப்பாக இருந்த டிஸ்ப்ளேகேல் பைத்தான் 2-இல் எழுதப்பட்டிருந்ததால், 2020 தொடக்கத்தில் அந்த மொழிப்பதிப்பு கைவிடப்பட்டபோது பல வழங்கல்களிலிருந்து காணாமல்போனது. பிறகு தன்னார்வலர்கள் அதைப் பைத்தான் 3-க்குக் கொண்டுவந்து மீட்டார்கள்.

டெபியன் 13 இந்த மாற்றக் காலத்தில் வசதியான ஓர் இடத்தில் நிற்கிறது. க்னோம் 48-இல் உள்நுழையும் திரையிலேயே எக்ஸ்11 அமர்வைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. அடுத்து வந்த க்னோம் 49 அந்த அமர்வை இயல்பாகவே முடக்கிவிட்டது. அதாவது வேலாண்டின் நிறமேலாண்மை பக்குவப்படும் இந்தச் சில ஆண்டுகளுக்கு டெபியன் 13-இல் இரண்டு வழிகளும் கையில் இருக்கும். படத் திருத்தத்துக்கென்றே ஒதுக்கிய கணினியாக இருந்தால், எக்ஸ்11-ஐயே இயல்பாகப் பயன்படுத்தும் எக்ஸ்எஃப்சிஇ 4.20 பணிச்சூழலை நிறுவுமாறு சொல்வேன். பார்க்க ஆடம்பரமில்லாதது, ஆனால் நினைவகத்தைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். நிறுவி முடித்ததும் டார்க்டேபிளுடன் வரும் சிஎம்எஸ்டெஸ்ட் (darktable-cmstest) என்ற சிறு கருவியை முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ஒருமுறை இயக்கிப் பாருங்கள். திரைக்குரிய நிற விவரக்கோப்பு கணினியில் பதிவாகியுள்ள இரண்டு இடங்களும் ஒத்துப்போகின்றனவா என்று அது சொல்லிவிடும். ஒத்துப்போகாவிட்டால், சரிசெய்யாமல் ஒரு படத்தைக்கூடத் திருத்தத் தொடங்காதீர்கள்.

கிராபிக்ஸ் அட்டை விஷயத்தில் டெபியன் 13-இன் வயது தெரிகிறது. டார்க்டேபிள் கனமான கணக்குகளை ஓப்பன்சிஎல் என்ற பொது இடைமுகம் வழியாக அட்டைக்கு அனுப்புகிறது. இரைச்சல் நீக்கம் போன்ற கருவிகளில் அதனால் கிடைக்கும் வேகம் கண்கூடானது. சில ஆண்டுகள் பழைய என்விடியா அட்டைகளுக்குக் களஞ்சியத்தில் உள்ள 550 வரிசை இயக்கி போதும். கெர்னல் ஒரே வரிசையில் நிற்பதால், புதுப்பித்த மறுநாள் கறுப்புத் திரை வரும் தொல்லை மிகவும் குறைவு. 2025-இல் விற்பனைக்கு வந்த 50 வரிசை அட்டைகளை அந்த இயக்கி அறியாது. புத்தம்புது அட்டை வாங்கியவர்கள் என்விடியாவின் சொந்தக் களஞ்சியத்தை நாடவேண்டும், அப்போது டெபியனின் நிதானத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள். ஏஎம்டி அட்டைகளுக்கு திறந்தமூல இயக்கிகளை எழுதும் மேசா திட்டத்தின் ரஸ்டிசிஎல் என்ற ஓப்பன்சிஎல் வசதி உண்டு. ஆனால் அது தானாக இயங்காது, கைமுறையாக இயக்கிவைக்கவேண்டும். பழைய இன்டெல் உள்ளமைந்த கிராபிக்ஸில் ஓப்பன்சிஎல்லை எதிர்பார்க்காமல் செயலியை நம்பியிருப்பதே மேல். ஃபிளாட்பேக் தனி அடைப்புக்குள் இயங்குவதால், அட்டை அதற்குள்ளிருந்து தெரிகிறதா என்பதையும் டார்க்டேபிளின் அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அகலப்பரப்புப் (பனோரமா) படங்களை ஒட்டுபவர்களைப் பாதிக்கும் மாற்றம் ஒன்றும் இந்தப் பதிப்பில் வந்திருக்கிறது. தற்காலிகக் கோப்புகளுக்கான கோப்புறை இதுவரை வட்டில் இருந்தது; டெபியன் 13-இல் அது நினைவகத்துக்கு மாற்றப்பட்டு, மொத்த நினைவகத்தில் பாதிவரை எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஹியூஜின் போன்ற மென்பொருள்கள் பல படங்களை ஒட்டும்போது பெரிய இடைநிலைக் கோப்புகளை எழுதுகின்றன. 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் இடமில்லை என்ற செய்தியோடு வேலை பாதியில் நின்றால் காரணம் இதுவாக இருக்கலாம். பழையபடி வட்டுக்கே திருப்பும் முறை வெளியீட்டுக் குறிப்புகளில் தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது. டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகள் நேர்மையாக எழுதப்படுபவை. நிறுவும் முன் அவற்றைப் படிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பின்னால் பல தொல்லைகள் மிச்சமாகும்.

நினைவக அட்டைகளின் எக்ஸ்ஃபேட் வடிவத்தையும் வின்டோஸில் பயன்படுத்திய வன்தட்டுகளின் என்டிஎஃப்எஸ் வடிவத்தையும் கெர்னலே படிக்கும். வின்டோஸை முழுமையாக நிறுத்தாமல் எடுத்த வன்தட்டில் மட்டும் எழுத முடியாமல் போகலாம். வாக்கம் வரைபலகைகளுக்குத் தனி இயக்கி தேவையில்லை. டிஜிகேமில் படக்குறிப்புகளையும் குறிச்சொற்களையும் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே தேட முடிகிறது. அவை எக்ஸ்எம்பி வழியாக மற்ற மென்பொருள்களுக்கும் சிதையாமல் போகின்றன. டெபியனை நிறுவும் திரைகளும் தமிழில் கிடைக்கின்றன.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும். ஃபோட்டோஷாப்பும் லைட்ரூமும் லினக்ஸுக்காக வெளியிடப்படுவதில்லை. திருமண ஆல்பம் வடிவமைப்பவர்களில் பெரும்பாலோர், அடுக்கடுக்கான பிஎஸ்டி வார்ப்புருக்களை வாங்கி, அதில் படங்களைப் பொருத்தி வேலையை முடிப்பவர்கள். கிம்ப் பிஎஸ்டி கோப்பைத் திறக்கும், ஆனால் ஃபோட்டோஷாப்பின் விளைவுகளும் திறன்பொருள்களும் (ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்) அப்படியே வந்துசேர்வதில்லை. 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 அடுக்குகளின் மேல் அழிக்காமல் விளைவுகளைப் பூசும் வசதியைக் கொண்டுவந்து நெடுநாள் குறையைத் தீர்த்திருக்கிறது. சிஎம்ஒய்கே (நான்கு மை) அச்சுக்கான முன்னோட்டத்தையும் ஏற்றுமதியையும் தருகிறது. நேரடியாக சிஎம்ஒய்கே முறையிலேயே திருத்துவது இன்னும் இயலாது. ஆல்ப வடிவமைப்பே தொழிலாக உள்ளவர்கள் வின்டோஸிலோ மேக்கிலோ இருப்பதுதான் முறை. படம் எடுப்பதும் ரா கோப்புகளைத் திருத்துவதும் ஜேபெக் கோப்புகளாக அச்சகத்துக்குக் கொடுப்பதுமாக வேலை செய்பவர்களுக்கு, இயற்கைக் காட்சிகளும் பறவைகளும் எடுப்பவர்களுக்கு, செய்திப் படக்காரர்களுக்கு, டெபியன் 13-ஐ முழு மனதோடு பரிந்துரைக்கிறேன்.

லினக்ஸுக்கு முற்றிலும் புதியவராக இருந்தால் லினக்ஸ் மின்ட் 22 வரிசையில் தொடங்கலாம். கனோனிக்கல் நிறுவனத்தின் உபுண்டு 24.04-ஐ அடியாகக் கொண்ட அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. ஃபிளாட்பேக் முன்கூட்டியே இணைக்கப்பட்டிருக்கிறது, திரை எக்ஸ்11-இலேயே இயங்குகிறது, என்விடியா இயக்கியை ஒரு சாளரத்திலேயே தேர்ந்தெடுக்க முடிகிறது. அதன் களஞ்சியத்தில் உள்ள கிம்ப் 2.10 வரிசையைச் சேர்ந்தது, டார்க்டேபிள் 4.6. இரண்டையும் ஃபிளாட்ஹப்பிலிருந்து எடுத்துக்கொண்டால் டெபியன் 13-க்கும் அதற்கும் அன்றாட வேலையில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனாலும் கணினியோடு கொஞ்சம் பழகியவருக்கு நான் டெபியனையே சொல்வேன், ஏனெனில் அதன் போக்கை ஒரு நிறுவனத்தின் வணிகத் திட்டம் தீர்மானிப்பதில்லை.

ஏற்கெனவே டெபியன் 12 வைத்திருப்பவர்கள் அவசரப்படவேண்டியதில்லை. அதற்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு இருக்கிறது. 13-க்கு மாறும்போது கிம்ப் 2.10-இலிருந்து 3.0-க்குத் தாவுகிறது, 2.10-க்காக எழுதப்பட்ட செருகுநிரல்கள் பல அங்கே இயங்கா. நீங்கள் அன்றாடம் நம்பியிருக்கும் செருகுநிரலுக்கு 3.0 வடிவம் வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். மிகப் பழைய 32 பிட் கணினிகளில் 13-ஐ நிறுவவே முடியாது. மற்றவர்கள், கையில் உள்ள ஆல்பத்தைக் கொடுத்து முடித்து, டார்க்டேபிள் தரவுத்தளத்தையும் துணைக்கோப்புகளையும் வேறொரு வன்தட்டில் நகலெடுத்த பிறகு, அடுத்த வேலை தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் மாறிக்கொள்ளலாம்.